ஒட்டுண்ணி மின்னிழப்பு (தானுந்து)

ஒட்டுண்ணி மின்னிழப்பு என்பது, தானுந்தின் (கார்) எஞ்சின் நிறுத்தப்பட்டுச் சாவி எடுக்கப்பட்ட பின்னரும், அதன் மின்கலத்திலிருந்து (பேட்டரி) மின்னோட்டம் தொடர்ந்து வெளியேறிக்கொண்டிருக்கும் நிலையைக் குறிக்கும். பிற உயிரியின் மேல் ஒட்டி அதன் உணவை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணியைப் போல, தானுந்துக்குப் பயன் எதுவும் தராமல் மின்கலத்தின் ஆற்றலை உறிஞ்சுவதால் இப்பெயர் ஏற்பட்டது. இதன் விளைவைப் பேச்சு வழக்கில் "பேட்டரி இறங்கிவிட்டது", "பேட்டரி டவுன்" என்பர்.

எல்லாத் தானுந்துகளிலும் சிறிதளவு மின்னிழப்பு இயல்பாகவே உண்டு. அது ஓர் எல்லையைத் தாண்டும்போதே குறைபாடாகின்றது. மாலையில் நன்றாக ஓடி நிறுத்தப்பட்ட தானுந்து மறுநாள் காலையில் இயங்க மறுப்பது இதன் முதன்மையான அறிகுறி ஆகும். வயரின் மேலுறை தேய்ந்தும், இணைப்புகள் துருப்பிடித்தும், பிற்காலத்தில் பல கருவிகள் கூடுதலாகப் பொருத்தப்பட்டும் இருக்கும் பழைய தானுந்துகளில் இக்குறைபாடு அடிக்கடி காணப்படுகின்றது. காரணத்தைக் கண்டறியாமல் மின்கலத்தை மட்டும் மாற்றினால், புதிய மின்கலமும் விரைவில் பழுதடையும். எனவே ஊகத்தின் அடிப்படையில் உதிரிப் பாகங்களை மாற்றுவதைவிட, மின்னோட்டத்தை அளந்து, சுற்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அறிவதே இதற்கு உரிய தீர்வாகும்.

பின்னணி

தானுந்துகளில் பயன்படும் ஈய-அமில மின்கலத்தின் முன்னோடியைப் பிரான்சு நாட்டு இயற்பியலாளர் காசுத்தோன் பிளான்ட்டே 1859 ஆம் ஆண்டில் உருவாக்கினார். தொடக்ககாலத் தானுந்துகளின் எஞ்சின்கள் கைப்பிடியைச் சுழற்றியே இயக்கப்பட்டன. சார்லசு கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912 ஆம் ஆண்டின் காடிலாக் தானுந்துகளில் இடம்பெற்றது. அதன் பின்னர் எஞ்சினை இயக்கும் பொறுப்பு மின்கலத்தைச் சேர்ந்தது. ஓட்டுநரின் கைவலிமை தேவைப்படாமல் போன அதே வேளையில், மின்கலம் இறங்கினால் தானுந்து அசையாது என்ற நிலையும் உருவானது.

1950கள் வரையான தானுந்துகளில் விளக்குகள், ஊதொலி, துடைப்பான், எரிபற்றல் போன்ற சில மின்சுற்றுகளே இருந்தன. 1980களிலிருந்து எரிபொருள் உட்செலுத்தல், மையப் பூட்டு, எச்சரிக்கை ஒலிப்பான் ஆகியவற்றுக்கான மின்னணுக் கட்டுப்பாட்டு அலகுகள் பெருகின. பாசு நிறுவனம் 1986 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய கேன் எனப்படும் தொடர்பு முறை, இவ்வலகுகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள வழி செய்தது. இவ்வலகுகள் சாவி எடுக்கப்பட்டவுடன் முற்றிலும் நின்றுவிடுவதில்லை. சிறிது நேரம் விழித்திருந்து, பின்னர் "உறக்க நிலை" எனப்படும் குறைந்த மின்நுகர்வு நிலைக்குச் செல்கின்றன. மின்னிழப்பை அளவிடுவோர் இவ்வியல்பைக் கட்டாயம் கருத்திற்கொள்ள வேண்டும்.

இயல்பான அளவும் மிகையான அளவும்

கடிகாரம், வானொலியின் நினைவகம், எச்சரிக்கை ஒலிப்பான், எஞ்சின் கட்டுப்பாட்டு அலகின் நினைவகம் ஆகியவற்றுக்கு எந்நேரமும் சிறிது மின்னோட்டம் தேவை. மின்னணு அலகுகள் இல்லாத பழைய தானுந்துகளில் இது சில மில்லி ஆம்பியர் அளவே இருக்கும். மின்னணு அலகுகள் உள்ளவற்றில் 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருப்பது பொதுவாக ஏற்கத்தக்கது. உறக்க நிலைக்குச் சென்ற பின்னரும் 50 மில்லி ஆம்பியரைத் தாண்டும் மின்னோட்டம் ஆராயத்தக்கதாகக் கருதப்படுகின்றது. சொகுசுத் தானுந்துகள் சிலவற்றில் இவ்வெல்லை சற்றுக் கூடுதலாக இருக்கலாம். தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் தரப்படும் அளவே முடிவானது.

மின்கலத்தின் கொள்ளளவு ஆம்பியர்-மணி என்னும் அலகில் குறிக்கப்படுகின்றது. 35 ஆம்பியர்-மணி கொள்ளளவு கொண்ட, முழுமையாக மின்னேற்றப்பட்ட மின்கலம் பாதியளவு, அதாவது 17.5 ஆம்பியர்-மணி, இறங்குவதற்கு ஆகும் காலத்தைப் பின்வருமாறு கணக்கிடலாம்:

- 25 மில்லி ஆம்பியர் (இயல்பான இழப்பு): நாளொன்றுக்கு 0.6 ஆம்பியர்-மணி, ஏறத்தாழ 29 நாட்கள்.
- 50 மில்லி ஆம்பியர் (எல்லை அளவு): நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி, ஏறத்தாழ 15 நாட்கள்.
- 0.42 ஆம்பியர் (அணையாத 5 வாட்டு விளக்கு ஒன்று): நாளொன்றுக்கு 10 ஆம்பியர்-மணி, ஏறத்தாழ 42 மணி நேரம்.
- 3.5 ஆம்பியர் (அணையாத 21 வாட்டு பிரேக்கு விளக்குகள் இரண்டு): ஏறத்தாழ 5 மணி நேரம்.

ஓரிரவில் மின்கலம் இறங்குகின்றதா, இரண்டு நாட்களிலா, இரண்டு வாரங்களிலா என்ற செய்தியே தேட வேண்டிய மின்னோட்டத்தின் அளவைத் தோராயமாகக் காட்டிவிடும் என்பது இக்கணக்கிலிருந்து விளங்கும். ஓரிரவில் இறங்கும் நல்ல மின்கலத்துக்குக் கடிகாரம் காரணமாக இருக்க இயலாது.

மின்கலத்துக்கு ஏற்படும் பாதிப்பு

12 வோல்ட்டு ஈய-அமில மின்கலம் ஆறு சிற்றறைகளைக் கொண்டது. முழுமையாக மின்னேற்றப்பட்டு, சில மணி நேரம் ஓய்வில் இருந்த மின்கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 12.6 வோல்ட்டு ஆகும். பாதியளவு இறங்கிய நிலையில் இது 12.2 வோல்ட்டு அளவிலும், பெரும்பகுதி இறங்கிய நிலையில் 12.0 வோல்ட்டுக்குக் கீழும் இருக்கும்.

மின்கலம் இறங்கும்போது அதன் தகடுகளில் ஈயச் சல்பேட்டு படிகின்றது. உடனே மின்னேற்றினால் இப்படிவு மீண்டும் கரைந்துவிடும். இறங்கிய நிலையிலேயே நாட்கணக்கில் விடப்பட்டால் சல்பேட்டு கடினமான படிகங்களாக மாறித் தகடுகளின் பயனுறு பரப்பைக் குறைக்கின்றது. தானுந்து மின்கலங்கள் குறுகிய நேரத்துக்குப் பெரும் மின்னோட்டம் தருவதற்காக வடிவமைக்கப்பட்டவை. ஆழமாக இறங்கி ஏறும் பயன்பாட்டுக்கு ஏற்றவையல்ல. ஆதலால் மின்னிழப்பு உள்ள தானுந்தில் மின்கலம் பழுதடைவது பெரும்பாலும் நோயின் விளைவேயன்றி, நோயின் மூலம் அன்று.

தானுந்தைத் தள்ளி இயக்குவதும், பிற தானுந்தின் மின்கலத்தோடு கேபிள் கொடுத்து இயக்குவதும் தற்காலிகத் தீர்வுகளே. எரிபொருள் உட்செலுத்தும் எஞ்சின்களில் பம்பும் கட்டுப்பாட்டு அலகும் இயங்குவதற்கே மின்சாரம் தேவை என்பதால், மின்கலம் முற்றிலும் இறங்கிய பின்னர் தள்ளினாலும் எஞ்சின் இயங்குவது அரிது.

மின்னிழப்பு போலத் தோன்றும் பிற குறைபாடுகள்

காலையில் எஞ்சின் இயங்காத எல்லா நேர்வுகளிலும் ஒட்டுண்ணி மின்னிழப்பே காரணம் எனக் கொள்ள முடியாது. பின்வருவனவும் அதே அறிகுறியைத் தரும்:

- ஆயுள் முடிந்த மின்கலம். இதன் மின்னழுத்தம் ஓய்வில் சரியாகத் தோன்றினாலும், ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரியும்.
- தளர்ந்த அல்லது உப்பு பூத்த மின்கல முனைகளும் எர்த்து இணைப்புகளும்.
- சரியாக மின்னேற்றாத ஆல்ட்டர்னேட்டர் அல்லது தளர்ந்த பெல்ட்டு. எஞ்சின் ஓடும்போது மின்கல முனைகளில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட்டு வரை இருக்க வேண்டும்.
- குறுந்தொலைவுப் பயணங்கள். ஒவ்வொரு முறையும் எஞ்சினை இயக்கச் செலவான மின்னேற்றம் மீளுமுன் தானுந்து நிறுத்தப்படுகின்றது.
- தானே மின்னிறங்கல். எதனோடும் இணைக்கப்படாத மின்கலமும் மெல்ல இறங்கும். வெப்பம் கூடக்கூட இவ்வேகமும் கூடும் என்பதால், வெப்ப நாடுகளில் நெடுநாள் நிறுத்தி வைக்கப்படும் தானுந்துகளில் இது குறிப்பிடத்தக்கது.

மின்கலத்தின் குறைபாட்டையும் தானுந்தின் குறைபாட்டையும் வேறுபடுத்த எளிய சோதனை ஒன்று உண்டு. மின்கலம் முழுமையாக மின்னேற்றப்பட்டு, சில மணி நேரம் ஓய்வில் விடப்பட்டு, மின்னழுத்தம் குறித்துக்கொள்ளப்படுகின்றது. பின்னர் எர்த்து கேபிள் கழற்றப்பட்டு, ஓரிரவு அல்லது வழக்கமாக இறங்குவதற்கு ஆகும் காலம் வரை விடப்படுகின்றது. அதன்பின் மின்னழுத்தம் குறைந்திருந்தால் குறைபாடு மின்கலத்தில் உள்ளது. மாறாமல் இருந்து, கேபிளை இணைத்து விட்டால் மட்டும் குறைகின்றது என்றால் குறைபாடு தானுந்தில் உள்ளது. இச்சோதனைக்கு ஒரு வோல்ட்டுமானியும் பொறுமையும் மட்டுமே தேவை. இதைச் செய்யாமல் தேடலைத் தொடங்குவது பெரும்பாலும் வீண் உழைப்பில் முடியும்.

பொதுவான காரணங்கள்

விளக்குகள்: பின்பெட்டி (டிக்கி), டேஷ்போர்டு பெட்டி, எஞ்சின் மூடியின் அடிப்பகுதி ஆகியவற்றில் உள்ள விளக்குகள் மூடிய பின் வெளியில் தெரிவதில்லை. இவற்றின் சுவிட்சு தேய்ந்தாலோ இடம் விலகினாலோ விளக்கு இரவு முழுவதும் எரியும். பிரேக்கு மிதியில் சுவிட்சை அழுத்தும் இரப்பர் அல்லது நெகிழித் துண்டு பழைய தானுந்துகளில் நொறுங்கி விழுவதுண்டு. அப்போது மிதியை விட்ட பின்னரும் பிரேக்கு விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும்.

ரிலேக்கள்: ரிலேயின் தொடுமுனைகள் தீப்பொறியால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். குளிர்விக்கும் விசிறி, எரிபொருள் பம்பு, டீசல் எஞ்சின்களின் குளோ பிளக் ஆகியவற்றின் ரிலேக்கள் இவ்வாறு ஒட்டினால் இழப்பு பல ஆம்பியர் அளவில் இருக்கும்.

ஆல்ட்டர்னேட்டர் டயோடுகள்: ஆல்ட்டர்னேட்டர் உருவாக்கும் மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசையாக மாற்றும் டயோடுகள், எஞ்சின் நின்ற பின் மின்கலத்திலிருந்து மின்னோட்டம் திரும்பிப் பாயாமலும் தடுக்கின்றன. பழுதடைந்த டயோடு இத்தடையை இழக்கின்றது. எஞ்சின் நின்று பல மணி நேரம் கழிந்த பின்னரும் ஆல்ட்டர்னேட்டரின் உடல் வெதுவெதுப்பாக இருப்பது இதன் அறிகுறிகளுள் ஒன்று.

பின்னர் பொருத்தப்பட்ட கருவிகள்: வானொலி, ஒலிபெருக்கி, எச்சரிக்கை ஒலிப்பான், இடங்காட்டிக் கருவி, நிகழ்படக்கருவி முதலியவை தவறான கம்பியோடு இணைக்கப்பட்டால் சாவி எடுக்கப்பட்ட பின்னரும் இயங்கும். தேடலைத் தொடங்கும்போது முதலில் ஐயுறத்தக்கவை இவையே.

சாவிச் சுவிட்சு: தேய்ந்த சுவிட்சில் சாவியை எடுத்த பின்னரும் சில சுற்றுகள் துண்டிக்கப்படாமல் இருக்கலாம்.

ஈரமும் துருவும்: கண்ணாடி விளிம்பு வழியே மழைநீர் இறங்கும் இடங்களிலும், மிதியடியின் கீழும் உள்ள இணைப்பிகளில் பச்சை நிறத் துரு படிந்து மின்னோட்டத்துக்கு வழி உண்டாகலாம். மின்கலத்தின் மேற்பரப்பில் படிந்த அமில ஈரமும் அழுக்கும் கூட இரு முனைகளுக்கும் இடையே சிறு மின்னோட்டத்தைக் கடத்தும்.

உறங்காத கட்டுப்பாட்டு அலகுகள்: கதவுப் பூட்டின் சுவிட்சு பழுதடைந்தால், கதவு திறந்திருப்பதாகவே கட்டுப்பாட்டு அலகு கருதி விழித்திருக்கும். ஐக்கிய அமெரிக்காவில் மூன்றாம் தலைமுறைச் செல்பேசி வலையமைப்புகள் 2022 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டபின், அவ்வலையமைப்பை நம்பியிருந்த சில பழைய தானுந்துகளின் தொடர்பு அலகுகள் இல்லாத வலையமைப்பை ஓயாமல் தேடி மின்கலத்தை இறக்கின. தானுந்தில் எதுவும் உடையாமலேயே இக்குறைபாடு தோன்றலாம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

கண்டறியும் முறை

முன்னேற்பாடுகள்

மின்கலம் முழுமையாக மின்னேற்றப்பட வேண்டும். சாவி எடுக்கப்பட்டு, செல்பேசி மின்னேற்றி போன்ற செருகு கருவிகள் அனைத்தும் நீக்கப்பட வேண்டும். பியூசு (உருகி) பெட்டியை அணுகுவதற்காகக் கதவைத் திறந்து வைக்க நேர்ந்தால், கதவுப் பூட்டின் கொக்கியைத் திருகாணி முடுக்கியால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். எஞ்சின் மூடியின் சுவிட்சையும் அவ்வாறே அழுத்தி வைக்க வேண்டும். இல்லையேல் அளக்கும் செயலே விளக்குகளை எரியச் செய்து தவறான அளவைத் தரும். மின்கலத்தைக் கழற்றினால் சில வானொலிகள் குறியீட்டு எண் கேட்டுப் பூட்டிக்கொள்ளும் என்பதால் அவ்வெண்ணை முன்னரே குறித்து வைத்தல் நலம்.

மொத்த மின்னோட்டத்தை அளத்தல்

மின்னோட்டத்தை அளக்க மல்ட்டிமீட்டர் மின்சுற்றோடு தொடராக இணைக்கப்பட வேண்டும். வழக்கமாக எர்த்து கேபிளுக்கும் மின்கல முனைக்கும் இடையே இது இணைக்கப்படுகின்றது. மீட்டரின் சோதனைக் கம்பி 10 ஆம்பியர் துளையில் செருகப்பட வேண்டும். மில்லி ஆம்பியர் துளை சிறிய பியூசினால் காக்கப்படுவதால், தொடக்கத்தில் பாயும் கூடுதல் மின்னோட்டத்தில் அந்தப் பியூசு எரிந்துபோகலாம்.

கேபிளைக் கழற்றி மீண்டும் இணைக்கும்போது கட்டுப்பாட்டு அலகுகள் விழித்துக்கொள்கின்றன. சில வேளைகளில் உறங்காதிருந்த அலகு இத்துண்டிப்பினால் சரியாகிக் குறைபாடே மறைந்தும் போகலாம். இதைத் தவிர்க்க, கேபிளைக் கழற்றுமுன் அதற்கும் மின்கல முனைக்கும் இடையே ஓர் இணைப்புக் கம்பி பொருத்தப்படுகின்றது. பின் கேபிள் கழற்றப்பட்டு, மீட்டர் இணைக்கப்பட்டு, இறுதியில் இணைப்புக் கம்பி நீக்கப்படுகின்றது. இவ்வாறு செய்தால் மின்சுற்று ஒரு நொடியும் துண்டிக்கப்படுவதில்லை.

மீட்டர் இணைந்திருக்கும்போது எஞ்சினை இயக்க முயலக்கூடாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டம் நூறு ஆம்பியரையும் தாண்டும் என்பதால் மீட்டர் பழுதடையும். நேர்திசை மின்னோட்டத்தை அளக்கவல்ல கிளாம்ப் மீட்டர் இருந்தால், கேபிளைக் கழற்றாமல் அதைச் சுற்றிக் கவ்வியே அளக்கலாம். எனினும் சில பத்து மில்லி ஆம்பியர் அளவைத் துல்லியமாகக் காட்டும் கிளாம்ப் மீட்டர்களே இதற்கு ஏற்றவை.

அளவீடு தொடங்கியவுடன் காணப்படும் எண்ணை முடிவாகக் கொள்ளக்கூடாது. அலகுகள் உறங்க 20 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். பல ஆம்பியரில் தொடங்கிப் படிப்படியாகக் குறைந்து 30 மில்லி ஆம்பியரில் நிலைகொள்ளும் தானுந்தில் குறைபாடு இல்லை. காத்திராமல் அளந்ததால் நல்ல கட்டுப்பாட்டு அலகுகள் மாற்றப்படும் நேர்வுகள் உண்டு.

பழைய பட்டறைகளில் மீட்டருக்கு மாற்றாகச் சோதனை விளக்கு தொடராக இணைக்கப்பட்டு, அதன் ஒளியைக் கொண்டு மின்னிழப்பு மதிப்பிடப்பட்டது. சிறு மின்னோட்டத்தில் விளக்கு ஒளிராது என்பதால், இம்முறையில் பெரிய இழப்புகளை மட்டுமே அறிய முடியும்.

பியூசுகளைக் கழற்றிப் பிரித்தறிதல்

மொத்த மின்னோட்டம் மிகையானது என உறுதியானபின், பியூசுகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டு மீட்டரின் எண் கவனிக்கப்படுகின்றது. எந்தப் பியூசைக் கழற்றும்போது எண் இயல்பான அளவுக்கு இறங்குகின்றதோ அச்சுற்றில் குறைபாடு உள்ளது. எஞ்சின் அறையிலும் பயணிகள் அறையிலும் தனித்தனிப் பியூசுப் பெட்டிகள் இருக்கும் தானுந்துகளில் எல்லாப் பெட்டிகளையும் சோதிக்க வேண்டும்.

ஒரு பியூசு பல கருவிகளுக்கு மின்சாரம் தருவது வழக்கம். எனவே மின்சுற்று வரைபடத்தின் துணையுடன் அப்பியூசைச் சார்ந்த கருவிகள் பட்டியலிடப்பட்டு, அவற்றின் இணைப்பிகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்படுகின்றன. எல்லாக் கருவிகளையும் கழற்றிய பின்னரும் இழப்பு நீடித்தால் இடையிலுள்ள வயரில் பழுது உள்ளது எனக் கொள்ளலாம்.

பியூசின் குறுக்கே மின்னழுத்தத்தை அளத்தல்

பியூசைக் கழற்றி மீண்டும் செருகுவதும் அலகுகளை எழுப்பிவிடும். இதற்கு மாற்றாக, பியூசைக் கழற்றாமலேயே அதன் முதுகில் உள்ள இரு சோதனைப் புள்ளிகளுக்கு இடையே மில்லி வோல்ட்டு அளவில் மின்னழுத்தம் அளக்கப்படுகின்றது. பியூசுக்கும் மிகச் சிறிய மின்தடை உண்டு என்பதால், ஓமின் விதிப்படி, மின்னோட்டம் பாயும் பியூசின் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றும். 10 ஆம்பியர் தகடு வகைப் பியூசின் மின்தடை ஏறத்தாழ 7 முதல் 8 மில்லி ஓம் வரை இருக்கும். ஆகவே 100 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் 0.7 முதல் 0.8 மில்லி வோல்ட்டு வரை காணலாம். சுழி காட்டும் பியூசுகளின் சுற்றுகளில் குறிப்பிடத்தக்க மின்னோட்டம் இல்லை என விலக்கிவிடலாம். மின்னணு அலகுகள் மிகுந்த தானுந்துகளுக்கு இம்முறையே மிகவும் ஏற்றது.

பியூசு இல்லாத இணைப்புகள்

எல்லாப் பியூசுகளையும் கழற்றிய பின்னரும் இழப்பு குறையாவிட்டால், மின்கலத்தோடு நேரடியாகவோ பெரிய முதன்மைப் பியூசு வழியாகவோ இணைந்துள்ள ஆல்ட்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், சாவிச் சுவிட்சு ஆகியவை ஆராயப்படுகின்றன. மின்கலத்தைத் துண்டித்து, ஆல்ட்டர்னேட்டரின் முதன்மைக் கேபிளைக் கழற்றிக் காப்பிட்டு, மீண்டும் அளக்கும்போது இழப்பு நீங்கினால் டயோடு பழுது எனக் கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது மின்கல முனைகளில் மாறுதிசை மின்னழுத்தம் 0.5 வோல்ட்டுக்கு மேல் இருப்பதும் டயோடு பழுதைச் சுட்டும்.

விட்டுவிட்டு நேரும் மின்னிழப்பு

சில அலகுகள் உறங்கி, இடையிடையே விழித்து, மீண்டும் உறங்கும். அளக்கும் நேரத்தில் இவை இயல்பாகவே தோன்றும். இத்தகைய நேர்வுகளில் பெரும, சிறும அளவுகளைப் பதிவு செய்யும் மீட்டர் இரவு முழுவதும் இணைத்து விடப்படுகின்றது. காலையில் பெரும அளவு பல ஆம்பியராகப் பதிவாகியிருந்தால், இரவில் ஏதோ ஒன்று விழித்திருந்தது என்பது உறுதியாகின்றது.

எடுத்துக்காட்டு

மேற்கூறிய முறையை விளக்கக் கற்பனையான ஓர் அளவீடு கீழே தரப்படுகின்றது.

இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் இயங்க மறுக்கும் தானுந்து ஒன்றில், 40 நிமிடக் காத்திருப்புக்குப் பின் மொத்த மின்னோட்டம் 460 மில்லி ஆம்பியர் எனக் காணப்படுகின்றது. ஒரு குறிப்பிட்ட 10 ஆம்பியர் பியூசின் குறுக்கே 3.3 மில்லி வோல்ட்டு உள்ளது; பிறவற்றில் ஏறத்தாழச் சுழி. அப்பியூசைக் கழற்றினால் மொத்தம் 20 மில்லி ஆம்பியராகக் குறைகின்றது. வரைபடத்தின்படி வானொலி நினைவகம், கடிகாரம், கூரை விளக்கு, டிக்கி விளக்கு ஆகியவை அச்சுற்றில் உள்ளன. பியூசைத் திரும்பப் பொருத்தி, டிக்கி விளக்கின் குமிழை மட்டும் நீக்கும்போது மொத்தம் 45 மில்லி ஆம்பியரில் நிலைகொள்கின்றது.

460 இலிருந்து 45 ஐக் கழித்தால் 415 மில்லி ஆம்பியர். 12 வோல்ட்டில் இது ஏறத்தாழ 5 வாட்டு, அதாவது அக்குமிழின் மேல் பொறிக்கப்பட்ட திறனேயாகும். எஞ்சிய 45 இல் வானொலிக்கும் கடிகாரத்துக்கும் உரியது 25. கணக்கு முழுமையாகப் பொருந்துவதால் வேறு மின்னிழப்பு இல்லை என்பதும் தெளிவாகின்றது. இவ்வாறு எண்கள் ஒத்துப்போகும் வரை தேடலை நிறுத்தக்கூடாது. ஒரே தானுந்தில் இரண்டு இழப்புகள் சேர்ந்திருப்பதும் உண்டு. மூடிய டிக்கிக்குள் விளக்கு எரிவதை நேரில் உறுதி செய்ய, நிகழ்படம் பதிவு செய்யும் செல்பேசியை உள்ளே வைத்து மூடலாம். பழுதான சுவிட்சை மாற்றியபின் மீண்டும் அளந்து பார்ப்பதே இறுதிப் படியாகும்.

மிகப் பழைய தானுந்துகள்

1950கள், 1960களைச் சேர்ந்த பிரித்தானியத் தானுந்துகள் பலவற்றில் இரண்டு பியூசுகள் மட்டுமே இருந்தன. முகப்பு விளக்குகள் உள்ளிட்ட பல சுற்றுகளுக்குப் பியூசு இருப்பதில்லை. எனவே பியூசைக் கழற்றிப் பிரித்தறியும் முறை இவற்றில் அதிகம் பயன் தராது. சுவிட்சுகளிலும் இணைப்புப் பலகைகளிலும் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றியே தேட வேண்டும். மேலும், அக்காலத்துப் பிரித்தானியத் தானுந்துகள் பலவற்றில் மின்கலத்தின் நேர்முனையே உடற்சட்டத்தோடு எர்த்தாக இணைக்கப்பட்டிருந்தது. முனைகளைச் சரிபார்த்த பின்னரே மின்னணுக் கருவி எதையும் இவற்றில் பொருத்த வேண்டும்.

இத்தானுந்துகளில் ஆல்ட்டர்னேட்டருக்குப் பதிலாக டைனமோ பயன்பட்டது. டைனமோவில் டயோடு இல்லாததால், எஞ்சின் நிற்கும்போது அதை மின்கலத்திலிருந்து துண்டிக்கக் "கட்-அவுட்" எனப்படும் மின்காந்தச் சுவிட்சு அமைக்கப்பட்டது. இதன் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் மின்கலத்திலிருந்து பெரும் மின்னோட்டம் டைனமோவுக்குள் திரும்பிப் பாயும். டைனமோ மோட்டாராகச் சுழல முயன்று, பெல்ட்டினால் தடுக்கப்பட்டுச் சூடேறும். மின்கலம் விரைவில் இறங்குவதோடு டைனமோவும் வயர்களும் எரிந்துபோகும் இடர் இதில் உள்ளது.

பாதுகாப்பு

- மின்னேற்றப்படும் மின்கலத்திலிருந்து ஐதரசன் வளிமம் வெளியேறும். அது தீப்பொறியால் வெடிக்கக்கூடும். கேபிளை முனையில் தட்டித் தீப்பொறி வருகின்றதா எனப் பார்க்கும் பழக்கம் ஆபத்தானது. அதனால் மின்னிழப்பின் அளவையும் அறிய முடியாது.
- கழற்றும்போது எர்த்து கேபிளை முதலிலும், பொருத்தும்போது அதை இறுதியிலும் கையாள வேண்டும். இவ்வாறு செய்தால் திருகுசாவி தவறி உடற்சட்டத்தில் பட்டாலும் குறுக்குச் சுற்று ஏற்படாது.
- மோதிரம், கைச்சங்கிலி முதலிய உலோக அணிகளைக் கழற்றிவிட வேண்டும்.
- எரிந்த பியூசுக்குப் பதிலாகக் கூடுதல் ஆம்பியர் கொண்ட பியூசையோ வெறுங்கம்பியையோ பொருத்தக்கூடாது. இது வயர் தீப்பற்ற வழிவகுக்கும்.
- மஞ்சள் நிற இணைப்பிகள் பெரும்பாலும் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றை மீட்டர் கொண்டு சோதிக்கக்கூடாது.

தடுக்கும் வழிகள்

நெடுநாள் ஓட்டப்படாத தானுந்தில் எர்த்து கேபிளைக் கழற்றி வைப்பது அல்லது மின்கலத் துண்டிப்புச் சுவிட்சைப் பொருத்துவது வழக்கம். மின்கலத்தை முழு நிலையில் பேணும் தானியங்கி மின்னேற்றிகளும் பயன்படுத்தப்படுகின்றன. இவை இயல்பான இழப்பை ஈடு செய்வதற்கு உரியவை. மிகையான இழப்பு உள்ள தானுந்தில் துண்டிப்புச் சுவிட்சு மின்கலத்தைக் காக்குமே தவிர, குறைபாட்டைத் தீர்க்காது. உரசித் தேய்ந்த வயரே காரணமாயின், தானுந்து ஓடும்போது அவ்விடம் சூடேறித் தீப்பற்றும் வாய்ப்பு நீடிக்கும். ஆகவே மின்னோட்டம் செல்லும் இடத்தைக் கண்டறிந்து பழுது நீக்குவதே முறையான தீர்வாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- ஈய-அமில மின்கலம்
- ஆல்ட்டர்னேட்டர்
- உருகி
- ஓமின் விதி
- மல்ட்டிமீட்டர்